என் எடையில் இன்னொருவன்

1. வெயிட் பார்த்த நாள்

துபாயில் என் முதல் புரொஃபஷனல் ஃபைட்டுக்கு முந்தைய நாள், ஒரு ஹோட்டலின் மீட்டிங் ஹாலில் ஜட்டியோடு எடை மெஷினில் ஏறி நின்றேன். ஃப்ளை வெயிட்டுக்கு நூற்றுப் பன்னிரண்டு பவுண்டுதான் கணக்கு. ஐம்பது கிலோவைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவே. எடை பார்த்தவர் உதட்டைப் பிதுக்கி, "ஓவர்" என்றார். குறைத்துக்கொண்டு வரச் சிறிது நேரம் கொடுத்தார்கள்.

எங்கள் கோச் வர்கீஸ் சார் கோட்டயத்துக்காரர். ராணுவத்தில் பாக்ஸிங் ஆடிவிட்டு வந்தவர். ஷார்ஜாவில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளுக்கு மேலே ஒரு ஜிம் நடத்தினார். "வெளியில போய் ஓடுடா, தண்ணி தொடாத" என்று விரட்டினார். ஜூன் மாத வெயில். கார் பார்க்கிங்கில் நான் ஓட ஆரம்பித்தபோது, கறுப்புக் குப்பைக் கவரில் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டு இன்னொருவன் எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தான். என்னைப் போலவே குச்சி உடம்பு.

"நீயும் ஓவரா?" என்று கேட்டேன்.

"ஓம், கொஞ்சம்தான்" என்றான். சிறிது தூரம் ஓடிய பிறகு, "நாளைக்கு நான் அடிக்கப் போற ஆள் நீதான் எண்டு நினைக்கிறன்" என்றான்.

பெயர் ஜெரால்ட். ஊர் திருகோணமலை. ஷார்ஜாவில் ரோலா பக்கம் ஒரு பேக்கரியில் அடுப்படி வேலை. நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடி எடையை இறக்கினோம். மறுநாள் நான்கு ரவுண்டும் என்னை நீட்டிக் குத்தும் ஜாபிலேயே தள்ளி நிறுத்தி, பாயிண்ட்ஸில் ஜெயித்துவிட்டான்.

2. ஆள் கிடைக்காத வெயிட்

நான் காசிமேடு. சின்ன வயதிலிருந்தே பாக்ஸிங். கல்ஃபுக்குப் போனது ஏசி டக்ட் மாட்டும் வேலைக்கு. சோனாப்பூர் லேபர் கேம்ப்பில் ரூம். டியூட்டி முடிந்ததும் பஸ் பிடித்து வர்கீஸ் சார் ஜிம்முக்குப் போவேன்.

இரண்டாயிரங்களின் நடுவில், அந்தப் பக்கத்து ஹோட்டல்களில் அவ்வப்போது புரொஃபஷனல் ஃபைட் நடக்கும். பெரிய உடம்புக்காரர்களுக்கு எதிராளி சுலபமாகக் கிடைத்துவிடுவான். எங்கள் வெயிட்டில் ஆளே கிடையாது. அதனால் ஜெரால்டுக்கு என்னையும் எனக்கு ஜெரால்டையும் விட்டால் வேறு வழியில்லை. ஃபைட்டும் அவனோடுதான், பயிற்சிக்கு மோதும் ஸ்பாரிங்கும் அவனோடுதான். முதல் ஃபைட் முடிந்த அடுத்த மாதமே அவன் வர்கீஸ் சார் ஜிம்மில் சேர்ந்துவிட்டான். வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு பேரும் தலைக்கு ஹெட்கார்டு மாட்டிக்கொண்டு, நெருங்கி நின்று அடித்துக்கொள்வோம். ஜெரால்ட் வரும்போது எங்கள் கேம்ப் ஆட்களுக்கு ஒரு பை நிறைய சூடான பன் கொண்டுவருவான். எடைக்குப் பயந்து நாங்கள் இரண்டு பேரும் அதை மோந்து பார்ப்பதோடு சரி.

இரண்டாவது ஃபைட்டில் நான் ஜெயித்தேன். மூன்றாவது ஃபைட்டுக்கும் எங்கள் இரண்டு பேர் பெயரையே போஸ்டரில் போட்டார்கள். எங்கள் ஃபோர்மேன் திருநெல்வேலிக்காரர். போஸ்டரைப் பார்த்துவிட்டு, "ஏல சேகரு, போன தடவையும் இவன், இந்தத் தடவையும் இவனா? பேசாம ரெண்டு பேருக்கும் கல்யாணத்தப் பண்ணி வச்சிர வேண்டியதுதான்" என்றார்.

ஆனால் இந்த ஃபைட் விளையாட்டில்லை. ஜெயிப்பவனை பாங்காக்கிற்கு அழைத்துப்போய்ப் பெரிய ஃபைட் ஒன்றில் இறக்குவதாகப் பேச்சு. எங்கள் இரண்டு பேருக்கும் முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. ஃப்ளை வெயிட்டில் அது கிழட்டு வயது.

3. இடது பக்கம்

ஸ்பாரிங்கில் ஜெரால்டின் முகத்தில் என் ரைட் ஹேண்ட் பட்டதே இல்லை. நான் தோளை அசைக்கும்போதே தலையை இழுத்துவிடுவான். ஃபைட்டுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை, நான் போட்ட ரைட் எல்லாம் அவன் மேல் விழுந்தது. முதலில் சந்தோஷமாக இருந்தது. நம் ஸ்பீடு ஏறிவிட்டது என்று நினைத்தேன். அடுத்த ரவுண்டில் பார்த்தால், அவன் முகத்தை இடது பக்கமாகத் திருப்பித் திருப்பி என்னைத் தேடுகிறான்.

ஸ்பாரிங் முடிந்து பெஞ்சில் உட்கார்ந்து கைக்கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தான். அவன் இடது பக்கமாகப் போய், சுருட்டிய கைக்கட்டு ஒன்றை அவன் காதோரமாகத் தூக்கிப் போட்டேன். பாக்ஸருக்குத் தூக்கத்திலும் தலை விலகும். அவன் அசையவில்லை.

கீழே கஃப்டீரியாவில் சுலைமானி டீ வாங்கி முன்னால் வைத்துவிட்டுக் கேட்டேன். "இடது கண்ணு இன்னாச்சு ஜெரால்டு?"

"முதல்ல மின்னல் மாதிரி வெட்டிச்சு. இப்ப ஒரு பக்கம் திரை விழுந்த மாதிரி இருக்கு. ஒருத்தருக்கும் சொல்லாத மச்சான். இந்த ஃபைட் முடியட்டும்."

"ஃபைட்டுக்கு முன்னாடி டாக்டரு பாப்பாரே, அப்ப இன்னா பண்ணுவ?"

"மற்றக் கண் நல்லாத்தானே இருக்கு. சமாளிப்பன்."

"நான்தான்டா உன்ன அடிக்கப் போறேன். அந்தப் பக்கமா ரைட்டு வுட்டா உனக்குத் தெரியாது. தெரிஞ்சே நான் எப்டிடா வுடறது?"

"அப்ப விடாத."

"வுடலன்னா அது ஃபைட்டா? நீயே போய் சார்கிட்ட சொல்லிடு. இல்ல, நான் சொல்றேன்."

எழுந்துவிட்டான். "உனக்கு விசர், முழுப் பைத்தியம். எனக்குப் பயந்து போய்ச் சொன்னனி எண்டு சனம் கதைக்கும். சொன்னா, பிறகு என்ர முகத்தில முழிக்காத."

அவன் டீயைத் தொடவே இல்லை. நான் மாடி ஏறிப் போய் வர்கீஸ் சாரிடம் சொல்லிவிட்டேன்.

"எடா, நீ கண்ணால கண்டதா? சும்மா தோணினதா?" என்று கேட்டார். கைக்கட்டு எறிந்ததைச் சொன்னேன். வேறெதுவும் கேட்கவில்லை. பிக்கப் சாவியை எடுத்துக்கொண்டு நேராகப் பேக்கரிக்குப் போய், ஏப்ரனோடு நின்ற ஜெரால்டை ஏற்றிக்கொண்டு கண் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்.

4. கவிழ்ந்து படுத்தவன்

ஜெரால்டின் இடது கண்ணில் விழித்திரை கழன்று வந்துகொண்டிருந்தது. உடனே ஆபரேஷன் செய்தார்கள். விழித்திரையை அமுக்கிப் பிடிக்கக் கண்ணுக்குள் வாயு அடைத்திருப்பதால் சில நாள் முகத்தைக் கீழே கவிழ்த்தே இருக்க வேண்டும், சாப்பிடும்போதும் தூங்கும்போதும் நிமிரக் கூடாது, விமானம் ஏறவும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் ஊருக்கும் போக முடியாது. அவன் ரூமில் இருந்தவர்கள் எல்லாம் பகல் டியூட்டி. அந்த மாதம் எனக்கு நைட் ஷிஃப்ட். பகலில் நான் போய் இருந்தேன்.

கட்டில் விளிம்பில் நெற்றியை வைத்துத் தரையைப் பார்த்தபடி படுத்திருப்பான். என் குரல் கேட்டதும் உடம்பு விறைக்கும். பேச மாட்டான். நான் கஞ்சி வைத்து, கட்டிலுக்குக் கீழே கிண்ணத்தை வைத்து, ஸ்ட்ராவை அவன் வாயில் கொடுப்பேன். குடிப்பான். துடைத்துவிடுவேன். சொட்டு மருந்து போடுவேன். பிறகு தரையில் உட்கார்ந்து தினசரியைப் படித்துக் காட்டுவேன். ஒரு நாள் அவனுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. ஜிம்மில் பிடித்துவிடுவதுபோல் பிடித்துவிட்டேன்.

அடுத்த நாள் கஞ்சியில் ஒரு வாய் இழுத்தான். ஸ்ட்ராவைத் துப்பிவிட்டு, "காணாது" என்றான்.

எனக்கு உயிரே போய்விட்டது. ஆபரேஷன் ஃபெயிலாகிவிட்டது, கண் போய்விட்டது என்று நினைத்தேன். "இன்னாடா சொல்ற? சுத்தமா தெரிலயா? இரு, சாருக்கு போன் போடறேன்" என்று எழுந்து ஓடினேன்.

"டேய், டேய். கஞ்சிக்கு உப்புக் காணாது எண்டு சொன்னனான்."

அவன் ஊரில் போதாது என்பதற்கு அப்படிச் சொல்வார்களாம். நான் கதவைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கட்டில் குலுங்கியது. கவிழ்ந்த வாக்கிலேயே சிரித்துக்கொண்டிருந்தான். "சிரிக்காத, கண்ணு ஆடும்" என்று அதட்டினேன். எனக்குத்தான் கண்ணீர் வந்துகொண்டிருந்தது.

உப்புப் போட்டுக் கொண்டுவந்தேன். குடித்து முடித்துவிட்டு, "ஃபைட் என்னாச்சு?" என்று கேட்டான்.

"மணிலாலேந்து ஒருத்தன் வரான்."

"இடது கைக்காரனா?"

"ஆமா."

"அப்ப உன்ர ஃபுட்வொர்க் சரிவராது" என்றான். அன்று மத்தியானம் முழுவதும் அவன் தரையைப் பார்த்தபடியே சொல்லச் சொல்ல, நான் அந்தச் சின்ன ரூமில் கட்டில்களுக்கு நடுவே கால் மாற்றிப் பழகினேன். என் பாதம் மட்டும்தான் அவனுக்குத் தெரியும். "இடது காலை அவன்ர காலுக்கு வெளியால வை. இன்னும் வெளியால" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

5. கார்னர்

மணிலாக்காரனிடம் நான் தோற்றேன். நெருக்கமான தோல்வி. பாங்காக்கிற்கு அவன் போனான். ஜெரால்ட் கண்ணில் பிளாஸ்டிக் மூடியோடு ரவுண்டுக்கு இடையில் நான் வந்து உட்காரும் கார்னருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். அவன் அதற்குப் பிறகு ரிங்கில் ஆடவில்லை. இடது கண்ணில் முக்கால் பங்கு பார்வை திரும்பியது. நான் பாக்ஸிங்கை விடும்வரை என் கார்னரில் வாளியும் ஐஸும் அவன் கையில்தான் இருந்தன.

பிறகு ஒருமுறை என்னிடம் கேட்டான். "நீ சொல்லாம இருந்திருந்தா, அண்டைக்கு நீ வெண்டிருப்பாய், என்ன?"

"முதல் ரவுண்டுலயே" என்றேன்.

"ம்" என்றான். "எனக்கும் தெரியும்."

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் உண்டு. ஃபைட்டை நிறுத்தும் உரிமை ரெஃப்ரிக்கும் டாக்டருக்கும் கார்னரில் நிற்கும் கோச்சுக்கும் உண்டு என்று ரூல் சொல்கிறது. எதிரே நிற்பவனுக்கும் உண்டு. உன் உடம்பில் எது கெட்டாலும் முதலில் பார்க்கிறவன் அவன்தான்.