மூன்று தலைக்கு ஒரு ஹெட்செட்

எங்கள் வீட்டில் ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான். அதற்கு ஹெட்செட் வாங்க வேண்டும் என்று பேச்சு எழுந்ததும் மூன்று பேருக்கு மூன்று ஆசை வந்துவிட்டது.

மகளுக்கு விளையாட வேண்டும். கல்லூரி விட்டு வந்ததும் தோழிகளோடு சேர்ந்து துப்பாக்கி விளையாட்டில் உட்கார்ந்துவிடுவாள். எதிரி எந்தப் பக்கம் வருகிறான் என்று காலடிச் சத்தத்திலேயே தெரிய வேண்டுமாம். எனக்குப் பாட்டு கேட்க வேண்டும். பழைய சினிமாப் பாட்டில் தபலா தனியாக விழுந்தால் போதும்.

மனைவிக்குத்தான் அவசரம். வாஷிங் மெஷின் ரிப்பேருக்குக் கூப்பிடுகிறவர்களிடம் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வழியாகப் பேசும் வேலை ஒன்று அவளுக்குக் கிடைக்கிற மாதிரி இருந்தது. வெள்ளிக்கிழமை காலை, பயிற்சி கொடுக்கிற அம்மாவே வாடிக்கையாளர் போலக் கூப்பிட்டுப் பேசிப் பார்ப்பார். குரல் தெளிவாகக் கேட்டால் வேலை உண்டு. இல்லாவிட்டால் அடுத்த ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். நாங்கள் இருப்பது மயிலாப்பூரில் கடைத்தெருவை ஒட்டிய சந்து. வாசலில் காய்கறி வண்டி, மாடியில் மிக்ஸி, எதிர் வீட்டில் டிவி. மொபைலில் பயிற்சி நடந்தபோதே அந்த அம்மா, "என்னம்மா, மார்க்கெட்ல உக்காந்து பேசறீங்களா?" என்று கேட்டுவிட்டார். அன்று இவள் சரியாகச் சாப்பிடவில்லை.

"லைட் எரியறதா பாத்து வாங்குப்பா" என்றாள் மகள்.

"லைட் எரிஞ்சா கொரல் கேக்குமாடி? ஏங்க, காதை அழுத்தாததா பாருங்க. ஜிமிக்கியோட மாட்டினா குத்தும்."

"ஜிமிக்கியைக் கழட்டி வெச்சுட்டுப் பேசேம்மா. கஸ்டமரா பாக்கப் போறான்?"

"வேலைக்கு மூளியாவா உக்காருவாங்க?"

தபலாவைப் பற்றி என்னிடம் யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

நான் ஹோட்டலில் பரிமாறுகிறவன். மதியச் சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்தால் மாலை டிபன் வரை எனக்கு ஓய்வு. புதன்கிழமை அந்த நேரத்தில் பஸ் ஏறி தியாகராய நகர் போனேன். பனகல் பார்க் பக்கத்துச் சந்தில் கம்ப்யூட்டர் சாமான் விற்கிற பாய் கடை ஒன்று உண்டு. மூன்று பேர் நின்றால் நாலாவது ஆள் தெருவில் நிற்க வேண்டும். உள்ளே இடம் கிடைக்கும்வரை தெருவில் நிற்பது எனக்கு ஒரு சௌகரியம். கடைக்காரரிடம் முதல் வார்த்தை பேசுவதைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம்.

"எதுக்கு தலைவரே? கேம் ஆடவா, போன் பேசவா, பாட்டு கேக்கவா?" என்றார் பாய்.

"மூணுக்கும்."

"ஒரே ஆளுக்கா?"

"மூணு ஆளுக்கு."

"அப்போ தலை மூணு, ஹெட்செட் ஒண்ணு. ஆகட்டும்" என்று சொல்லி நாலைந்தை எடுத்துப் போட்டார். டப்பாவில் எல்லாம் இங்கிலீஷில் எழுதியிருந்தது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அதனால் படத்தைப் பார்த்தேன், எடையைப் பார்த்தேன், காதில் படும் பஞ்சை விரலால் அமுக்கிப் பார்த்தேன். ஒன்று மெத்தென்று இருந்தது, ஓரத்தில் நீல விளக்கும் எரிந்தது. வெளிச்சத்தம் எல்லாவற்றையும் இதன் மைக் தானாகத் தள்ளிவிடும் என்றார் பாய். "நம்பலைன்னா பேசிப் பாருங்க. ரிக்கார்டு பண்ணிப் போட்டுக் காட்டறேன்."

மாட்டிக்கொண்டேன். பின்னால் மூன்று பேர் காத்திருக்கிறார்கள். என்ன பேசுவது?

"எதாவது பேசுங்க தலைவரே. தினம் பேசறதைப் பேசுங்க."

தினம் பேசுவது என்றதும் வாய் தானாகத் திறந்துகொண்டது. "இட்லி வடை பொங்கல் பூரி கிச்சடி, சாதா ரோஸ்ட், நெய் ரோஸ்ட், ஆனியன் ஊத்தப்பம், ரவா தோசை லேட்டாகும் சார்!" ஹோட்டல் இரைச்சலை மீறிக் கடைசி மேஜைவரை போகிற குரல் அது. அதை நான் பேச்சில் சேர்ப்பதில்லை. அது வேலை.

"எனக்கு ரெண்டு பொங்கல்" என்றார் பின்னால் நின்றவர். கடையே சிரித்தது. பாய் பதிவைப் போட்டார். வெளியே அடித்துக்கொண்டிருந்த பஸ் ஹாரன் அதில் துளியும் இல்லை. என் குரல் மட்டும் கணீரென்று வந்தது. அந்த நிமிடமே வாங்கிவிட்டேன்.

வீட்டில் மகள் அதை இணைத்து, அம்மாவைப் பேச வைத்துப் பதிவு செய்தாள். கேட்டால், "வண... ங்க... சின்ல இன்... சனை" என்று விட்டு விட்டு வந்தது. மறுபடி பேசினாலும் அப்படியே.

"மெதுவா பேசினா அதையும் வெளிச்சத்தம்னு நெனச்சு வெட்டிடுதுப்பா. கடையில இன்னா பேசி டெஸ்ட் பண்ணே?"

"டிபன்."

மகள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். மனைவி சிரிக்கவில்லை. அவளும் என்னைப் போலத்தான். அவள் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும், அவ்வளவே. சத்தமாகப் பேசிப் பார்க்கச் சொன்னோம். "உங்க மெஷின்ல இன்னா பிரச்சனை!" என்றாள். தண்ணீர் லாரிக்கு முன்னால் நின்று சண்டை போடுவது போல இருந்தது.

"ம்மா, கஸ்டமர் மன்னிப்பு கேட்டுனு போனை வெச்சுடுவான்."

மனைவி ஹெட்செட்டைக் கழற்றி மேஜையில் வைத்தாள். "எனக்கு வரலைன்னு சொல்லிடவாங்க?" என்று கேட்டாள். டப்பாவைத் தேடி எடுத்தேன்.

மறுநாள் மதியம் அவளுக்குக் கடைசிப் பயிற்சி. மொபைலை விட்டு நகர முடியாது. நான் மட்டும் போனேன். பிரித்த பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்று பாய் தலைக்கு மேலேயே பலகை தொங்கியது. நேற்றும் அங்கேதான் தொங்கியிருக்கும்.

"நேத்து நல்லாதானே கேட்டுச்சு? மாட்டுங்க. அதே மாதிரி டிபன் சொல்லுங்க தலைவரே" என்றார் பாய். நின்றிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

டிபன் சொன்னால் கணீரென்று கேட்கும். கேட்டால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். தலையை ஆட்டி மறுத்தேன். மைக்கைப் பிடித்துக்கொண்டு, என் சொந்தக் குரலில், சொல்ல வந்ததைச் சொன்னேன். பாய் பதிவைப் போட்டார்.

"...ய், இது என... ல்ல. ...காரிக்கு. நா... அவளு..."

"லிஃப்டுக்குள்ளேர்ந்து பேசறாரா?" என்றார் ஒருத்தர்.

பாய் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. இன்னொரு முறை போட்டுக் கேட்டார். பிறகு கண்ணாடி அலமாரியிலிருந்து விளக்கு எதுவும் இல்லாத கறுப்பு ஹெட்செட் ஒன்றை எடுத்து என் தலையில் அவரே மாட்டி, மைக்கை வளைத்து உதட்டருகே கொண்டுவந்தார். "இது எதையும் வெட்டாது. வாய்க்குக் கிட்டக்க இருந்தா வெளிச்சத்தம் தானா கம்மியாத்தான் கேக்கும். இப்போ சொன்னதையே சொல்லுங்க."

சொன்னேன். அதைப் பெரிய ஸ்பீக்கரில் போட்டார்.

"பாய், இது எனக்கில்ல. வீட்டுக்காரிக்கு. நாளைக்குக் காலைல அவளுக்கு வேலைக்குப் பேசிப் பாக்கறாங்க. அவளும் என்ன மாதிரி மெதுவாத்தான் பேசுவா. இதுல பேசினா வரல. மாத்திக் குடுங்க பாய்."

எங்கோ தூரத்தில் ஒரு ஹாரன். மற்றபடி ஒரு வார்த்தை விடாமல் கடை முழுக்கக் கேட்டது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதை மூஞ்சியப் பாத்துச் சொல்லியிருக்கலாமே தலைவரே" என்று சொல்லிவிட்டு, பாய் பழையதை வாங்கிக்கொண்டு கறுப்பை டப்பாவில் வைத்துக் கொடுத்தார்.

"பலகை?" என்றார் லிஃப்ட்காரர்.

"அது உனக்கு" என்றார் பாய்.

வெள்ளிக்கிழமை காலை ஹோட்டலில் சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்தேன். நானும் மகளும் அடுப்படியில் தரையில் உட்கார்ந்துகொண்டோம். குக்கரை ஏற்றவில்லை. "வணக்கம்ங்க" என்று மனைவி ஆரம்பித்தாள். வழக்கமாக என்னிடம் பேசுகிற அதே குரல். "தண்ணி முன்பக்கம் ஒழுகுதுங்களா, பின்பக்கமா?... சரிங்க... எந்த ஏரியாங்க?" வாசலில் காய்கறி வண்டிக்காரர் தக்காளி என்று கத்தினார். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மனைவி நிறுத்தவில்லை. "அடையாறுங்களா? ஆள் வர்றதுக்கு முன்னாடி போன் பண்ணிடுவாங்கங்க." பிறகு அந்தப் பக்கம் நீளமாக ஏதோ சொன்னார்கள். இவள் "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஹெட்செட்டைக் கழற்றிவிட்டுத் திரும்பினாள்.

"இன்னா சொன்னாங்க?" என்றாள் மகள்.

"திங்கக்கெழமை காலைல சீக்கிரம் வரச் சொன்னாங்க."

"எங்க?" என்றேன் நான்.

நாற்காலியைக் காட்டினாள். "இங்கதாங்க."