மார்ச்சுவரி வாசலில் கிடைத்த துணை

கடலுக்குப் போன என் கணவர் அந்தோணி திரும்பி வரவில்லை. லாஞ்சில் கூடப் போனவர்கள் எல்லாரும் காசிமேட்டில் வந்து இறங்கினார்கள். வலை இழுக்கும்போது தவறி விழுந்துவிட்டார், தேடிப் பார்த்தோம், கிடைக்கவில்லை என்றார்கள். போன வருஷம், தவக்காலம் தொடங்கிய வாரம் அது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ராயபுரத்தில் ஒற்றை அறை வீட்டில் நானும் அவரும் மட்டும்தான்.

எனக்கு அழுகை வரவில்லை. செத்துவிட்டார் என்று யாரும் சொல்லவில்லையே. ஆந்திராப் பக்கம் கரையேறியிருப்பார் என்று சிலர் சொன்னார்கள். மாமியார் அதையே பிடித்துக்கொண்டார். தாலியைக் கழற்றவும் முடியவில்லை, கண்ணாடியில் அதைப் பார்க்கவும் முடியவில்லை. இறால் உரிக்கும் ஷெட்டுக்குப் போவேன், வருவேன், விளக்குப் போடாமல் படுத்துக்கிடப்பேன். மாதா கோயிலில் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். உயிரோடு தராவிட்டாலும் உடம்பையாவது கொடு தாயே, ஒரு பிடி மண் போடணும்.

திருவொற்றியூர், எண்ணூர் என்று எங்கே பிணம் ஒதுங்கினாலும் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன் வரும். பெரியாஸ்பத்திரி மார்ச்சுவரிக்குப் போய் அடையாளம் பார்க்கணும். துணியை விலக்குவார்கள். அவர் இல்லை. வெளியே வந்து வாந்தி எடுப்பேன். மூன்றாவது தடவையும் அவர் இல்லை என்றதும் எனக்குள் எல்லாம் அணைந்துபோனது. வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, ஆண்டவரே, இனி உடம்பைக்கூடக் கேட்கமாட்டேன், என்னைத் தனியாக மட்டும் விட்டுவிடாதீர் என்றேன். அதிலும் நம்பிக்கை இருந்ததாகச் சொல்லமாட்டேன்.

அதே பெஞ்சின் மறுகோடியில் புர்கா போட்ட ஒரு பெண் இருந்தாள். நூர்ஜஹான், தண்டையார்பேட்டை. புருஷனைக் கன்டெய்னர் லாரி அடித்துவிட்டது. சொந்தக்காரர்கள் வேலூரிலிருந்து வரணும். யாரைக் கேட்பது, எங்கே கையெழுத்துப் போடுவது, எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. வந்து வந்து பழகிய இடம் எனக்கு. கூட்டிப்போய்க் காட்டினேன். டீ வாங்கிக் கொடுத்தேன். நான் கிளம்பும்போது என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"போய்டாதக்கா. பேச வாணாம். சும்மா குந்திக்கினு இரு."

அவள் புருஷன் உடம்பைக் கொடுக்கும்வரை இருந்தேன். அன்று வீட்டுக்கு வந்து, பல நாளைக்குப் பிறகு உலை வைத்தேன்.

மறுவாரம் போன் வராமலே போனேன். மார்ச்சுவரியில் வேலை செய்யும் குமார் அண்ணன், உன்னை யாரும் கூப்பிடலையே என்றார். தனியாக வருகிறவர்களோடு இருக்கலாம் என்றுதான் வந்தேன் என்றேன். அவர் ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டார். அதிலிருந்து ஷெட் வேலை முடிந்ததும் அங்கேதான். கிறிஸ்துமஸ் சமயத்தில் பிரியாணிப் பொட்டலம் கொடுக்க நிறையப் பேர் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். ஜனவரியில் ஒருவரையும் காணோம். மார்ச்சுவரிக்கு வருகிறவர்கள் மட்டும் வந்துகொண்டே இருந்தார்கள். மழையிலும் போனேன். துக்கம் குறைந்தது என்று பொய் சொல்லமாட்டேன். அங்கே இருக்கும் நேரத்தில் மூச்சு விட முடிந்தது, அவ்வளவுதான். என் கணவர் உடம்பு கடைசிவரை கிடைக்கவில்லை.

வருஷம் திரும்பியது. பங்குச்சாமியாரிடம் அவருக்காக, இறந்தவர்களுக்கு வைக்கும் ஆன்ம இளைப்பாற்றிப் பூசை கேட்டேன். மாமியார் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"எம்புள்ள உசுரோட கீறான். நீ பூச வச்சி அவன சாவடிக்காத."

சொந்தத்தில் ஒருவரும் வரமாட்டார்கள் என்று தெரிந்துவிட்டது. பூசை அன்று கோயிலில் முதல் வரிசையில் தனியாக உட்கார்ந்தேன். சாமியார் என் கணவர் பெயரைச் சொன்னபோது திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. காலி பெஞ்சுகளைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். நூர்ஜஹான். பின்னால், மார்ச்சுவரி வாசலில் நான் கூட உட்கார்ந்திருந்தவர்கள்: அம்மாவைப் பறிகொடுத்த நெட்டுக்குப்பம் செல்வி, மகனைப் பறிகொடுத்த அத்திப்பட்டு அம்மா, பெயர் மறந்துபோன இன்னும் பல முகங்கள். பூசை இருப்பதால் அன்று வரமாட்டேன் என்று குமார் அண்ணனிடம் சொல்லியிருந்தேன். அவர் பதிவேட்டில் இருந்த நம்பரைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் போன் போட்டிருக்கிறார்.

"அழுதுடுக்கா," என்றாள் நூர்ஜஹான். "நாங்க கீறோம்."

ஒரு வருஷமாக வராத அழுகை அப்போது வந்தது. தனியாக விடாதீர் என்று நான் கேட்ட அன்றே ஆண்டவர் ஆளை அனுப்பிவிட்டார். எனக்குப் புரியத்தான் இத்தனை மாதம் ஆனது. அவருக்கு நன்றி.

மாமியார் இன்னும் என்னோடு பேசுவதில்லை. கடற்கரைப் பக்கம் போக இன்னும் என்னால் முடியவில்லை. ஆனால் விளக்குப் போடாமல் படுப்பதில்லை. இப்போது மார்ச்சுவரி வாசலில் துணைக்கு உட்கார நூர்ஜஹானும் செல்வியும் முறை வைத்து வருகிறார்கள்.

ஜெபித்து ஜெபித்து வாய் வறண்டவர்கள் உங்களில் இருக்கலாம். கேட்டது கிடைக்காமலே போகலாம், எனக்கு நடந்தது போல. ஆனாலும் அவரை நம்பி வீட்டைவிட்டு வெளியே வாருங்கள். யாருக்காவது ஒரு பொழுதைக் கொடுங்கள், பண்டிகைக்கு மட்டுமல்ல, வருஷம் முழுக்க. மார்ச்சுவரி வாசலில் உட்கார எங்களுக்குச் செவ்வாய்க்கிழமை ஆள் இல்லை. முடிந்தவர்கள் வாருங்கள்.