டேங்க் லாரியை நிறுத்தினோம்

மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கும் வேலை எனக்கு. என் கணவர் நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் தொழிலாளி. கடைக்குப் பின்னால் நாலு தெரு தள்ளி ஒரு சின்ன வீடு கட்டியிருந்தோம். நான் முதல் தடவை டச் போன் வாங்கிய வருஷம் அது.

ஒருநாள் மதியம் கீரைக்காரர் கடைக்கு வந்தார். ஓடைக்கரையில் குத்தகைக்கு நிலம் பிடித்துக் கீரை போடுகிறவர். காலையில் டி.வி.எஸ். வண்டியில் கட்டுகளை அடுக்கிக்கொண்டு மைன்ஸ் குவார்ட்டர்ஸில் பிளாக் பிளாக்காக விற்பார். எங்கள் வீட்டுக்கும் அவர் கீரைதான். பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக் காட்டினார். கால்விரல் இடுக்கெல்லாம் வெந்து புண்ணாகிக் கிடந்தது.

"செப்டிக் டேங்க் லாரிம்மா. வெடியக்கால வந்து மேல ஓடையில கொட்டிட்டுப் போவுறான். நான் கீழ அதே தண்ணியில நின்னுகினு கீரை அலசறேன். ஒரு மனு அடிச்சுக் குடு."

அடித்தேன். அந்த ஓடையில் வருவது சுரங்கத்திலிருந்து இறைத்து விடுகிற தண்ணீர். அது கீழே ஏரிக்குப் போய், ஏரியிலிருந்து கடலூர்ப் பக்கம் கடலில் சேர்கிறது. அதையும் மனுவில் சேர்த்தேன். படித்துக் காட்டியபோது, "கடல் வரைக்கும் எழுதிட்டியேம்மா" என்று சிரித்தார். கையெழுத்து நிறைய இருந்தால் கவனிப்பார்கள் என்று தோன்றியது. எங்கள் தெருவில் வீடு வீடாகப் போனேன். ஒருவர்கூட மறுக்கவில்லை. "செய்ய வேண்டிய காரியம்மா" என்று சொல்லிப் போட்டார்கள்.

திங்கட்கிழமைதோறும் கடலூர் கலெக்டர் ஆபீஸில் மனு வாங்குவார்கள். கடைக்கு லீவு சொல்லிவிட்டு கீரைக்காரரும் நானும் பஸ் ஏறுவோம். ஒரு தடவை ஓடைத் தண்ணீரை பாட்டிலில் பிடித்துக் கொண்டுபோனார். வாசலில் சோதனை போட்ட போலீஸ்காரம்மா மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு, "இதை எதுக்குய்யா உள்ள கொண்டு வர்ற?" என்று வெளியே வைக்கச் சொன்னார். அதையே காட்டத்தான் வந்திருந்தோம்; பாட்டிலைச் சுவரோரம் வைத்துவிட்டு உள்ளே போனோம். மனுவுக்கு நம்பர் போட்ட சீட்டு கொடுத்தார்கள். பிறகு ஒரு ஆபீஸிலிருந்து, இது வேறு ஆபீஸின் எல்லை என்று பதில் வந்தது. அந்த வேறு ஆபீஸும் அப்படியே எழுதியது.

கடைசியில் ஒரு விடியற்காலை நானே ஓடைக்குப் போனேன். லாரி பின்பக்கமாக வந்து நின்று குழாயைத் திறந்தபோது போனில் படம் எடுத்தேன். கடைக்கு வந்துபோகிற ஒரு நிருபரிடம் கொடுத்தேன். மறுநாளே பேப்பரில் கலரில் வந்துவிட்டது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பேப்பரை வாங்கி கடைச் சுவரில் ஒட்டினேன்.

அன்று பதினோரு மணிக்குக் கீரைக்காரர் வந்தார். வண்டியில் காலையில் அடுக்கிய கட்டுகள் அப்படியே இருந்தன. சுவரில் இருந்த படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"லாரிக்குப் பின்னாடி என் பாத்தி தெரியுதும்மா. குவார்ட்டர்ஸ்ல எல்லாரும் பேப்பர் பாத்துட்டாங்க. இந்தத் தண்ணியில வெளஞ்சதான்னு கேக்கறாங்க. இல்லன்னு எப்படிம்மா சொல்றது?"

படம் எடுக்கும்போது லாரியின் நம்பர் விழுகிறதா என்று மட்டும்தான் பார்த்திருந்தேன். பேப்பரைக் கிழித்தேன். சுவரில் பாதி ஒட்டிக்கொண்டது. அவர் ஒரு கட்டு சிறுகீரையை மேஜையில் வைத்துவிட்டு, "நீயாவது ஆக்கு" என்றார்.

அந்த வாரமே ஒரு லாரியைப் பிடித்தார்கள். மற்ற லாரிக்காரர்களும் பயந்து வருவதை நிறுத்தினார்கள். ஓடைக்கு நல்லதுதான் நடந்தது என்று நினைத்தேன். ஒரு மாதம்கூட ஆகவில்லை, எங்கள் தெருவில் செப்டிக் டேங்குகள் எடுக்க ஆளில்லாமல் நிரம்ப ஆரம்பித்தன. எல்லாம் சின்ன மனை, சின்னத் தொட்டி. மழை வேறு பெய்தது. எதிர்வீட்டில் கக்கூஸ் பீங்கான் வழியாகவே மேலே வந்துவிட்டது. அந்த வீட்டு அக்கா எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"கையெழுத்து வாங்கினியே, இப்ப யார் வந்து எடுப்பா? நீ வந்து அள்ளு."

மனுவில் முதல் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் பிளம்பரை வைத்துத் தொட்டியிலிருந்து மழைநீர் வாய்க்காலுக்கு பைப் போட்டார்கள். அடுத்தடுத்த வீடுகளும் போட்டன. வாய்க்கால் போய்ச் சேருவது அதே ஓடையில். முன்பு லாரி வந்தால்தான் கொட்டும். இப்போது நாள் முழுக்க ஓடியது.

எங்கள் தொட்டியும் நிரம்பியது. பைப் போடக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருந்தேன். நாலு நாள் பஸ் ஸ்டாண்டு கட்டணக் கழிப்பறைக்குப் போனோம். எட்டாவது படிக்கிற மகள் அங்கே வரிசையில் நின்றதை வகுப்புப் பையன்கள் பார்த்துவிட்டதாகச் சொல்லி அழுதாள். பழைய லாரிக்காரர் ஒருவரின் போன் நம்பரைத் தேடிப்பிடித்துக் கூப்பிட்டேன். டிரைவர் வந்தார். என்னைப் பார்த்ததும் குழாயை இறக்கவில்லை.

"போட்டோ எடுத்தது நீங்கதானேக்கா?"

"ஆமா."

"எடுக்கறேன். எங்க கொட்டணும்னு நீங்களே சொல்லுங்க, அங்க போய்க் கொட்டறேன். இந்தச் சுத்துப்பக்கத்துல அதுக்குன்னு ஒரு எடம் இருக்குதா?"

எத்தனையோ மனு அடித்திருக்கிறேன். ஒன்றில்கூட அப்படி ஓர் இடத்தை நான் கேட்டதில்லை. டிரைவர் குழாயை இறக்காமலே லாரியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் என் கணவர் பர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து வரும்போது பிளம்பரையும் கூட்டி வந்தார். "என்ன சொல்ற?" என்று என்னைக் கேட்டார். போடுங்கள் என்றேன். பொழுது சாய்வதற்குள் வேலை முடிந்துவிட்டது. வீட்டில் நாற்றம் போய்விட்டது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

கொஞ்ச நாளில் போனில் ஒரு மெசேஜ் வந்தது. உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு மனு முடிக்கப்பட்டது என்று.

கீரைக்காரரை அடுத்த வருஷம்தான் பார்த்தேன், ஆதார் கார்டை ஜெராக்ஸ் எடுக்க வந்தார். குத்தகையை விட்டுவிட்டாராம். பண்ருட்டியில் ஒரு முந்திரிக் கம்பெனியில் மூட்டை தூக்குகிறாராம். புண் ஆறியதா என்று கேட்டேன்.

"தண்ணியில எறங்கறதே இல்ல, ஆறிப்போச்சு" என்றார். பிறகு, "உங்க தெருவுல எல்லாம் பைப்பு போட்டுட்டாங்களாமே?" என்றார்.

"ஆமாண்ணே."

"உன் வூட்டுக்கும்?"

"போட்டாச்சுண்ணே."

அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "வேற என்னம்மா பண்ணுவ, புள்ளகுட்டி இருக்கற வூடு" என்று சொல்லிவிட்டு, ஜெராக்ஸை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பண்ருட்டி பஸ்ஸுக்கு ஓடினார்.

மனு அடிக்க இன்றும் ஆட்கள் வருகிறார்கள். சொல்வதை டைப் அடித்துக் கொடுக்கிறேன். என் பங்குக்கு எதையும் சேர்ப்பதில்லை.