அம்மா ஏறிய படகு

மன்னாரிலிருந்து படகேறித் தப்பி வந்த பிறகு அம்மா தண்ணீர்ப் பக்கமே போனதில்லை. தொண்ணூறுகளில் ஒரு வசந்தகாலம், பெர்லின் ஏரியில் அப்பா வைத்திருந்த பழைய மோட்டார் படகில் ஏறச் சொல்லி நான்தான் கெஞ்சினேன்.

“பயப்படாதேங்கோ அம்மா, எல்லாம் நான் பார்த்திட்டன்.”

வர்ணம் பூசினேன், எஞ்சின் எண்ணெய் மாற்றினேன். குளிர்காலத்துக்கு முன் தண்ணீர் வடியக் கழற்றிய அடித்துளை மூடியை மட்டும் திரும்பப் போட மறந்துவிட்டேன்.

நடு ஏரியில் அம்மாவின் கால் நனைந்தது. அவர் கத்தவில்லை. செருப்பைக் கழற்றி அதால் தண்ணீரை வெளியே அள்ளி ஊற்றத் தொடங்கினார், பழகியவர்போல.

“என்னைப் பாராதை தம்பி, கரையைப் பார்த்து ஓட்டு.”

கரையில் இறங்கியதும், “பழைய படகுதானேம்மா, ஒழுகும்” என்றேன்.

“ஓம் தம்பி, படகுகளை நம்ப ஏலாது” என்றார். பிறகு அவர் எந்தப் படகிலும் ஏறவில்லை. நம்பக் கூடாதது என்னைத்தான் என்று இன்றுவரை நான் அவரிடம் சொல்லவில்லை.