நாங்கள் கீழே இறங்கிய வருடம்

இந்த ஊரில் திங்கட்கிழமை காலையில் பஸ் ஏறுவதற்கு முன் ஒரு சங்கதியைத் தெரிந்துகொண்டுதான் ஏற வேண்டும். சனிக்கிழமை கால்பந்தாட்டத்தில் ஊர் டீம் ஜெயித்ததா, தோற்றதா? வந்த புதிதில் எனக்கு இது தெரியாது. பல்லைக் காட்டிக்கொண்டு ஏறி, டிரைவருக்கு 'குட் மார்னிங்' சொன்னேன். அறுபது வயது மனிதர். முகம் செத்துக் கிடந்தது. "என்ன குட்? மூன்று கோல் வாங்கினோம்" என்றார். அடேங்கப்பா, இந்த வயதிலும் மனிதர் மைதானத்தில் இறங்கி ஓடுகிறாரே என்று நினைத்து, "உங்களுக்கு அடி கிடி ஒன்றும் படவில்லையே?" என்று அக்கறையாகக் கேட்டுவிட்டேன். மொத்தப் பஸ்ஸும் திரும்பி என்னைப் பார்த்தது. நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். அடுத்த ஒரு வாரம் அந்த டிரைவர் என் முகத்தையே பார்க்கவில்லை.

இங்கிலாந்தின் வடக்கே கடலோரமாக இருக்கிறது இந்த ஊர். நம் கிருஷ்ணகிரியைவிடச் சின்னது. டீமும் ஊருக்கு ஏற்றதுதான். உலகமே டிவியில் பார்க்கிறதே, அந்தப் பெரிய கிளப்புகள் ஆடும் முதல் டிவிஷனுக்கு இரண்டு படி கீழே ஆடிக்கொண்டிருந்தது. இங்கே ஒரு முறை உண்டு. வருடக் கடைசியில் பட்டியலின் அடியில் இருக்கும் நாலு டீம்களை அடுத்த டிவிஷனுக்குக் கீழே தள்ளிவிடுவார்கள். ரெலகேஷன் என்று பெயர். நம் ஓசூரில் பாகலூர் ரோட்டில் தொங்குகிற ஜெர்சிகளைப் பார்த்திருப்பீர்கள். போன வருடம் எந்த கிளப் கோப்பை வாங்கியதோ அந்த ஜெர்சிதான் இந்த வருடம் விற்கும். நாமெல்லாம் நாலு விக்கெட் போனால் ரிமோட்டைத் தேடுகிற ஜாதி. இவர்களோ தோற்கும் டீமுக்காக மழையில் நனைந்துகொண்டு வாராவாரம் போய் உட்காருகிறார்கள். பைத்தியக்காரக் கூட்டம் என்றுதான் நினைத்தேன்.

இனி என் கதை. ஓசூர் சிப்காட்டில் ஒரு மோட்டார் உதிரிபாக கம்பெனியில் பதினேழு வருடம் வேலை பார்த்தவன் நான். ஹெல்ப்பராகச் சேர்ந்து லைன் சூப்பர்வைசர் ஆனவன். ஷிப்டுக்கு முப்பது பேர் என் கையில். ஒரு நாள் எங்கள் லைனையே வேறு மாநிலத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். நாற்பத்துமூன்று வயதில் புதிதாக எவன் வேலை கொடுப்பான்? ஏஜென்ட் ஒருவர் மூலமாக விசா கிடைத்தது. மனைவி செல்வியையும் மகளையும் விட்டுவிட்டுக் கிளம்பினேன். கூட வேலை பார்த்தவர்களிடம், "அங்கயும் சூப்பர்வைசர் வேலதான்" என்று சொன்னேன். அது பச்சைப் பொய். இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நான் பராமரிப்பாளன். காலை ஏழு மணிக்குப் போய் வயதானவர்களை எழுப்பி, டயப்பர் மாற்றி, உடம்பு துடைத்து, சட்டை போட்டு, கஞ்சி ஊட்டிவிடும் வேலை. என்னோடு மலையாளிகள், பிலிப்பைன்ஸ்காரர்கள் எல்லாம் இந்த வேலையைத் தலைநிமிர்ந்துதான் செய்கிறார்கள். எனக்கு மட்டும் நிமிரவில்லை. ஆம்பளை, அதுவும் முப்பது பேரை அதட்டி வேலை வாங்கிய ஆம்பளை, இன்னொரு ஆளுக்குக் கால் கழுவிவிடுகிறான் என்று சிப்காட் கேட்டில் தெரிந்தால் என்ன பேசுவார்கள் என்பதிலேயே புத்தி நின்றது.

அந்த இல்லத்தில்தான் ஆர்தரைப் பார்த்தேன். கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தவர். பெற்ற மகள் பெயரே மறந்துபோன நிலையிலும், குளிப்பாட்டும்போது, "சனிக்கிழமை என்ன ஆச்சு?" என்று கேட்பார். அவருக்குச் சொல்வதற்காகத்தான் நான் ஸ்கோர் பார்க்கவே ஆரம்பித்தேன். தோற்றிருந்தால் முதலில் டிரா என்று சொல்லிப் பார்த்தேன். என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார் மனிதர். அவர் மனைவி மோரீன் தினமும் மத்தியானம் வந்து கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆர்தர் போன பிறகு, காரியமெல்லாம் முடிந்து ஒரு நாள், மோரீன் என்னைத் தேடி இல்லத்துக்கு வந்தார். நாற்பது வருடமாக மைதானத்தில் அவர்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து சீட். "அவர் சீட்டில் தெரியாத ஆள் வந்து உட்கார்ந்தால் என்னால் தாங்க முடியாது. நீ வா" என்றார். ஆர்தரின் சீட்டை எனக்குக் கொடுத்துவிட்டார். என் வாழ்நாளில் யாரும் எனக்கு அவ்வளவு பெரிய மரியாதை செய்ததில்லை. அதைக்கூட ஓசூருக்குச் சொல்ல முடியவில்லை. சொன்னால், ஏன் கொடுத்தார் என்று கேட்பார்களே.

அந்த சீசனில் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. டிசம்பரில் தொடர்ந்து தோல்வி. பிப்ரவரியில் டீம் மேனேஜரை வீட்டுக்கு அனுப்பினார்கள். புதிதாக வந்தவரும் ஒன்றும் கிழிக்கவில்லை. குளிரில் காது அறுந்து விழுகிற மாதிரி இருக்கும். மோரீன் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுப்பார். பின் வரிசைக் கிழவர் ஒருவர் ஒவ்வொரு கோலுக்கும் என் தோளில் ஒரு தட்டு தட்டுவார், வாங்கினாலும் போட்டாலும். எப்போது நடந்தது என்று தெரியவில்லை, ஒரு திங்கட்கிழமை செல்வியிடம் போனில், "இந்த வாரமும் தோத்துட்டோம்" என்று சொன்னேன். "யாரு நாமளா? எதுல?" என்று பதறிவிட்டாள் அவள்.

கடைசி ஆட்டம் மே மாதத் தொடக்கத்தில். ஜெயித்தால் தப்பிக்கலாம், இல்லாவிட்டால் கீழேதான். எனக்கோ இரண்டு மாதம் முன்பே லீவு போட்டு ஊருக்கு விமான டிக்கெட் எடுத்தாயிற்று. மோரீன் ஒரு வழி சொன்னார். "கடைசிப் பத்து நிமிடம் உனக்கு வீடியோ கால் போடுகிறேன். போனைத் தூக்கிப் பிடித்துக்கொள்கிறேன். என்ன ஆனாலும் நீ எங்களோடு இருக்க வேண்டும்." கண்டிப்பாக எடுப்பேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினேன்.

அன்று ஓசூரில் நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. வீட்டில் இருந்தபடி பேசிவிடலாம் என்றுதான் இருந்தேன். முனிரத்னம் வந்து இழுத்துக்கொண்டு போய்விட்டான். என்னோடு பதினாலு வருடம் ஒரே லைனில் நின்றவன். வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் கன்னடம், என்னிடம் தமிழ். சிப்காட் பக்கம் ஒரு பேக்கரியில் பழைய ஆட்கள் ஐந்தாறு பேர் கூடியிருந்தார்கள். முனிரத்னம் பெரிய கிளப் ஒன்றின் சிவப்பு ஜெர்சி போட்டிருந்தான்.

"ஏன் குரு, எத்தன பேரு அங்க உங் கையில?" என்றான்.

"நாப்பது பேரு" என்றேன். எண்ணிக்கை பொய்யில்லை. இல்லத்தில் இருக்கும் முதியவர்கள் நாற்பது பேர்.

"அடிசக்க! வெள்ளக்காரன வெரட்டி வேல வாங்கறான்பா நம்மாளு. பாரு, கேக்கறப்பவே எப்டி கீது!"

"அவனுங்க நீ சொன்னா கேப்பானுங்களா?" என்று இன்னொருவன் கேட்டான்.

"கேக்காம?" என்றேன். மேசைமேல் வைத்திருந்த என் போன் அப்போதுதான் அடித்தது.

திரையில் மோரீன் படம். ஆர்தர் சக்கர நாற்காலியில், மோரீன் பக்கத்தில், நடுவில் நான். கையில் ஸ்பூன், கழுத்திலிருந்து பிளாஸ்டிக் ஏப்ரன், இல்லத்தின் யூனிபார்ம். அந்தப் படத்தை நான்தான் ஆசை ஆசையாக அவர் நம்பருக்கு வைத்திருந்தேன். சட்டென்று போனைக் கவிழ்த்தேன். அது மேசையில் அதிர்ந்துகொண்டே நகர்ந்தது. நின்றது. மறுபடி அடித்தது.

"எடு குரு. யாரு அது, வெள்ளக்கார அம்மா?" என்றான் முனிரத்னம்.

"பக்கத்து வூட்டுக் கெழவி. மரை கழண்ட கேஸ். சும்மா சும்மா போன் போட்டுனே இருக்கும்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மூன்றாவது முறை அடித்தபோது கட் செய்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில், மேம்பாலத்துக்குக் கீழே வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் போனைத் திறந்தேன். வீடியோ ஒன்று வந்திருந்தது. இரண்டுக்குப் பூஜ்யம், தோல்வி. விசில் ஊதிய பிறகும் ஒருவர்கூட எழுந்து போகவில்லை. நிற்கக்கூடத் தெம்பில்லாமல் புல்லில் உட்கார்ந்திருந்த ஆட்டக்காரர்களைப் பார்த்து மொத்தக் கூட்டமும் எழுந்து கை தட்டுகிறது. எடுப்பவரும் கை தட்டுவதால் படமும் ஆடுகிறது. மோரீனின் குரல் மட்டும், "உன்னைப் பிடிக்க முடியவில்லை, கண்ணு. பரவாயில்லை. அவர்களை வழியனுப்பும்போது நீயும் இருக்க ஆசைப்படுவாய், அதனால் எடுத்து வைத்தேன்" என்கிறது. வீடியோவை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

செல்விக்கு எல்லாம் தெரியும். அவள்தான் தெருவில் எனக்கு ஆஸ்பத்திரி சூப்பர்வைசர் பட்டம் கட்டியவள். ஆனால் நடந்ததைச் சொன்னதும் கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டுத் திட்டினாள். "வேலைய மறைக்கறது வேற. அந்தம்மாவ மரை கழண்டதுன்னு சொல்ல உனக்கு எப்டிய்யா வாய் வந்துச்சு? அவங்க சீட்டுல குந்திக்கினு வந்தவன்தான நீ?"

திரும்பி வந்ததும் மோரீன் வீட்டுக்குப் போனேன். உள்ளதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் போனேன். சத்தியமாக. டீயை என் பக்கம் நகர்த்திவிட்டு அவரே கேட்டார்: "அங்கே சிக்னல் சரியில்லையா?"

"ஆமாம்" என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். என் நாக்கு சும்மா இருக்குமா? "கூட வேலை பார்த்த நண்பர்களோடுதான் இருந்தேன். நம் டீம் இறங்கிவிட்டது என்றதும் எல்லோருக்கும் வருத்தம்."

மோரீன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். "இந்தியாவிலா? நமக்காகவா?" என்றார். கண் நிறைந்துவிட்டது. அங்கே அவரைக் கேவலப்படுத்த ஒரு பொய், இங்கே அவர் மனசைக் குளிரவைக்க ஒரு பொய். இரண்டையும் சொன்னது ஒரே வாய்தான். அந்த டீம் பத்து மாதம் போராடித்தான் ஒரு படி இறங்கியது. நான் ஒரு நொடியில் இறங்கிவிட்டேன்.

அதோடு விட்டதா? ஆகஸ்டில் புது சீசனின் முதல் ஆட்டம். நாங்கள் இப்போது நான்காம் டிவிஷன். போய் சீட்டில் உட்காரப் போனால், வரிசையே எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்குகிறது. மோரீன் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். பின் வரிசைக் கிழவர், "ஊரே எங்களைப் பார்த்துச் சிரிக்கும்போது உன் ஆட்கள் வருத்தப்பட்டார்களாமே. அவர்களுக்கு என் வணக்கத்தைச் சொல்" என்றார். மோரீன் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்தார். அதில் நீல மையில், 'ஓசூர் நண்பர்களுக்கு நன்றி' என்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதியிருந்தார். ஊர்ப் பெயரை என்னிடம்தான் முன்பே கேட்டு வாங்கியிருந்தார், எதற்கென்று சொல்லவில்லை. பன்னிரண்டு பேர் அந்த அட்டையைப் பிடித்துக்கொண்டு கையசைத்தார்கள். நான் எழுந்து முன்னால் போய்ப் போட்டோ எடுத்தேன். "இப்போதே அனுப்பு" என்றார் மோரீன். அனுப்புவதுபோல விரலை அசைத்தேன். அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும், "பார்த்தார்களா? என்ன சொன்னார்கள்?" என்று கேட்கிறார். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஏதோ உளறி வைக்கிறேன்.

என்னைப்போல் வெளிநாட்டில் எதையாவது மறைத்துக்கொண்டு திரிகிறவர்கள் இதைப் படித்தால், அவரவர் முடிவு அவரவருக்கு. என்னால் இனி முடியாது. முனிரத்னம், அந்தப் போட்டோவை இப்போது உனக்கு அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்கும் காட்டு. யார் இவர்கள், எதற்கு நமக்கு நன்றி சொல்கிறார்கள் என்று கேட்பார்கள். இந்தக் கட்டுரையைப் படித்துக் காட்டு. அங்கே என் கையில் நாற்பது பேரெல்லாம் கிடையாது. நான் அவர்களுடைய ஆள். நடுவில் தொப்பி போட்டுக்கொண்டு உன்னைப் பார்த்துக் கையசைக்கிறாரே, அவரைத்தான் நான் மரை கழண்ட கேஸ் என்றேன். அவர் வீட்டுக்காரரை ஏழு மாதம் குளிப்பாட்டியவன் நான். அவருக்குப் பக்கத்தில் ஒரு சீட் காலியாக இருக்கும், பார். அது என்னுடையது. அங்கே இருக்க வேண்டியவன், உங்கள் பக்கம் நின்றுகொண்டு அந்தப் போட்டோவை எடுத்தேன்.