ஆறாவது ஆவர்த்தனம்

ரீட்வென் பள்ளியில் பாட்டுக்கென்று தனி ஆசிரியர் கிடையாது. முப்பத்தொரு பிள்ளைகளுக்குத் தலைமை ஆசிரியரையும் சேர்த்து மூன்றே பேர். கணக்கு, எழுத்து, நீச்சல், விழுந்த பல்லைப் பொட்டலம் கட்டிக் கொடுப்பது எல்லாவற்றையும் மூவரும் பங்குபோட்டுக்கொள்வார்கள். பாட்டு மட்டும் நெஸ்டா ப்யூவின் தனிச்சொத்து. முப்பத்திரண்டு வருஷமாக அதில் இன்னொருவர் தலையிட்டதில்லை.

காலையில் வருகை எடுக்கும்போதே பாட்டுப் பாடம் தொடங்கிவிடும். பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாள். பெயரின் தாளத்தைக் கைதட்டுவாள். அது தன் பெயர்தான் என்று கண்டுபிடித்த பிள்ளை, அதே தாளத்தைத் திருப்பித் தட்டிவிட்டு, "உள்ளேன் மிஸ்" என்று சொல்ல வேண்டும். இரண்டு பேருக்கு ஒரே தாளம் வந்து சண்டையானால், ஒருவனுக்குக் கடைசியில் ஓர் உதை சேர்த்துக் கொடுப்பாள், தரைக்குத்தான். மழை நாட்களில், அதாவது எங்கள் மலையில் வருஷத்துக்கு முக்கால்வாசி நாட்களில், பிள்ளைகளை ரப்பர் பூட்ஸோடு தாழ்வாரத்தில் நடக்கவிட்டு, மூன்றுக்கும் நான்குக்கும் உள்ள வித்தியாசத்தைக் காலில் ஏற்றிவிடுவாள்.

"காது ஏமாத்தும்டா. கால் ஏமாத்தாது," என்பாள்.

அவள் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்ததில் மிகவும் கஷ்டமானது யாழோடு பாடுவது. எங்கள் ஆட்கள் மட்டும்தான் இப்படி ஒரு வம்பை விலைக்கு வாங்குவார்கள். யாழ் முதலில் தன் மெட்டைத் தொடங்கிவிடும். பாடுகிறவர்கள் சும்மா நிற்க வேண்டும். சில ஆவர்த்தனம், அதாவது சில தாளச் சுற்று, விட்டு, வேறொரு மெட்டில் உள்ளே நுழைய வேண்டும். போகும் வழி வேறு, ஆனால் முடிகிற இடம் ஒன்று. யாழின் கடைசி மீட்டலும் பாட்டின் கடைசிச் சொல்லும் ஒன்றாக விழ வேண்டும். அதற்கு எத்தனை ஆவர்த்தனம் விட்டு எடுப்பது என்பதை முடிவிலிருந்து பின்னோக்கி எண்ணிக் கண்டுபிடிக்க வேண்டும். மற்றவர்கள் காகிதத்தில் கோடு போட்டு எண்ணுவார்கள். நெஸ்டா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே எண்ணிவிடுவாள்.

அவளுடைய அம்மா ஊர்ச் சர்ச்சில் ஆர்மோனியம் வாசித்தவள். அம்மாவுக்கு அறுபத்தோரு வயதானபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான்கே சரணம் உள்ள கீர்த்தனைக்கு ஐந்தாவது முறையாக மெட்டை எடுத்தாள். சபையார் என்ன செய்தார்கள்? முதல் சரணத்தையே மறுபடி பாடினார்கள். ஆறாவது முறை எடுத்தாள். இரண்டாவது சரணத்தைப் பாடினார்கள். ஒருவர்கூடத் தலை திருப்பவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் அப்படித்தான். ஒருவருடைய குறையை முகத்துக்கு நேரே சொல்வதைவிட, மூச்சுமுட்டப் பாடித் தொலைப்பது அவர்களுக்கு எளிது. எட்டாவது முறை நெஸ்டாதான் எழுந்துபோய், அம்மாவின் இரண்டு கைகளையும் கட்டைகளிலிருந்து எடுத்து மடியில் வைத்தாள். அதற்குப் பிறகு அம்மா பதினோரு வருஷம் இருந்தாள். அதில் கடைசி ஆறு வருஷம், மகளைப் பார்த்து, "நீங்க யாரு வீட்டுப் பொண்ணும்மா?" என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நெஸ்டாவுக்கு இப்போது ஐம்பத்தெட்டு. அம்மாவுக்கு வந்தது தனக்கும் வருமா என்பது ஒன்றுதான் அவளுடைய பயம். வந்தால் பள்ளிக்கூடம் போய்விடும். பள்ளிக்கூடம் போனால் தன்னிடம் என்ன மிஞ்சும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

கிறிஸ்துமஸுக்குப் பிறகு ஒரு மாலை, கணவன் ஹெவினுக்குத் தேநீர் வைத்துக் கொடுத்தாள். பத்து நிமிஷத்தில் இன்னொரு கோப்பை கொண்டுவந்து வைத்தாள். பால் லாரி ஓட்டிக் களைத்து வந்திருந்த ஹெவின் இரண்டு கோப்பையையும் பார்த்தான்.

"கல்யாணமாகி முப்பது வருஷத்துல ஒரு கோப்பைக்கே கெஞ்சணும். இன்னைக்கு ரெண்டா? யாரு முகத்துல முழிச்சேன்?"

"குடிச்சுத் தொலைங்க," என்று அவளும் சிரித்தாள். பிறகு விறகுக் கொட்டகைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அவனிடம் சொல்லவில்லை. மருத்துவரிடமும் போகவில்லை. போனால் அதற்கு ஒரு நோயின் பெயரை வைத்துவிடுவார்கள்.

அந்த மார்ச் மாதத்து மாவட்ட ஐஸ்டெத்வோடு என்ற பாட்டுப் போட்டிக்குப் பன்னிரண்டு பிள்ளைகளைத் தயார் செய்தாள். எங்களுக்கு அது திருவிழா மாதிரி. பாடத் தெரியாதவர்களும் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கட்டிக்கொண்டு போய், மற்றவர்கள் பாடுவதில் குற்றம் கண்டுபிடிப்பார்கள். குளிர்காலம் முழுக்கத் தூங்குகிற முள்ளெலியைப் பற்றிய பாட்டு, நான்கு சரணம். முதல் மூன்றுக்கும் யாழ் நான்கு ஆவர்த்தனம் போனதும் எடுக்க வேண்டும். கடைசிச் சரணம் கொஞ்சம் குட்டை. அதனால் ஆறு விட்டு எடுக்க வேண்டும். நடுவில் நிற்பவள் மாப்லி. ஒன்பது வயது, கணீரென்ற குரல். அவள் எடுத்தால் மற்ற பதினொருவரும் பிடித்துக்கொள்வார்கள்.

பாடுகிறவர்களுக்கு முன்னால் நின்று யாரும் கைகாட்டக் கூடாது என்பது விதி. ஆகவே ஆசிரியர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் முகத்தாலேயே செய்வார்கள். பின்னாலிருந்து பார்த்தால் பிரசங்கம் கேட்பவர்கள்போல இருப்பார்கள். மேடையிலிருந்து பார்த்தால் அத்தனை பேருக்கும் பல்வலி.

"எது நடந்தாலும் என்னைப் பாருங்க," என்று மேடையேறும்முன் நெஸ்டா பிள்ளைகளிடம் சொன்னாள். எல்லா வருஷமும் சொல்வதுதான்.

மூன்று சரணங்கள் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போயின. யாழ் நான்காவது முறையாக மெட்டைத் தொடங்கியது. நான்காவது ஆவர்த்தனம் முடிந்ததும் நெஸ்டா தலையசைத்தாள். மாப்லி ஒரு கணம் அவளையே பார்த்தாள். அதை மேடைப் பயம் என்று நெஸ்டா நினைத்தாள். பிறகு மாப்லி எடுத்தாள். பதினொரு குரல்களும் அவளுக்குப் பின்னால் ஏறிக்கொண்டன.

மூன்றாவது வரியில், செருப்புக்குள் நெஸ்டாவின் கால்விரல்கள் தாமாக எண்ணிக்கொண்டிருந்தன. தலையசைத்தது இரண்டு ஆவர்த்தனம் முந்தி என்று அவைதான் முதலில் சொல்லின. அதன் பிறகு செய்வதற்கு எதுவும் இல்லை. பிள்ளைகள் முள்ளெலியைத் தூங்கவைத்து, வாயை மூடிக்கொண்டு, பன்னிரண்டு பேரும் அழகாக நின்றார்கள். யாழ் மட்டும் இரண்டு ஆவர்த்தனம் தனியாகப் போயிற்று. அந்தப் பெரிய மண்டபத்தில் ஒருவர்கூட இருமவில்லை. முடிந்ததும் வழக்கத்தைவிட அதிகமாகக் கைதட்டினார்கள். தோற்றவர்களுக்குத்தான் எங்கள் ஊரில் அவ்வளவு கைதட்டல் கிடைக்கும்.

திரும்பி வரும் பேருந்தில் மாப்லியின் அம்மா டெலித் இடம் மாறி வந்து நெஸ்டாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மன்னிச்சுக்கோங்க மிஸ். இவ பொறந்ததே டாக்டர் குறிச்ச நாளுக்கு ரெண்டு வாரம் முந்தி. எல்லாத்துலயும் அவசரக்குடுக்கை. எவ்வளவு உழைச்சீங்க நீங்க! எல்லாத்தையும் கெடுத்துட்டா."

முன் இருக்கையில் மாப்லியின் பின்னந்தலை தெரிந்தது. அசையாமல் இருந்தது. சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். நெஸ்டாவின் வாயில் அது வந்து நின்றது. அதைச் சொன்னால் அதற்கு அடுத்த வாக்கியத்தையும் சொல்ல வேண்டியிருக்கும்.

"பரவாயில்ல டெலித்," என்றாள். "சின்னப் பொண்ணுதானே. எல்லாருக்கும் நடக்கிறதுதான்."

ஐம்பத்தெட்டு வருஷம் அடுத்தவரைத் திட்டாமல் வாழ்ந்துவிட்டு ஒன்பது வயதுப் பிள்ளையை விற்றுவிடலாம். அது ரொம்பச் சுலபம் என்று நெஸ்டாவுக்கு அன்றைக்குத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை தலைவலி என்று சொல்லிச் சர்ச்சுக்குப் போகவில்லை. சமையலறையில் உட்கார்ந்து முள்ளெலிப் பாட்டைப் பின்னோக்கி எண்ணினாள். ஒரு முறை ஆறு வந்தது. ஒரு முறை ஐந்து வந்தது. மறுபடி எண்ணப் பயந்து, மேசையைத் துடைத்தாள்.

திங்கட்கிழமை, தலைமை ஆசிரியர் ஆல்வின் நடுவரின் குறிப்புத் தாளைக் கூடத்துப் பலகையில் குத்தியிருந்தார். ஜெயித்தாலும் தோற்றாலும் குத்துவது பள்ளியின் வழக்கம். 'இனிமையான குரல்கள். தெளிவான சொற்கள். கடைசி எடுப்பு அவசரப்பட்டு, முடிவு யாழோடு சேரவில்லை. நடுவில் நிற்கும் சிறுமி எண்ணிப் பழக வேண்டும்.' இடைவேளையில் பெரிய பையன்கள் அதை ராகம்போட்டு வாசித்தார்கள்.

மதிய உணவுக்குப் பிறகு, எல்லோரும் வெளியே ஓடியிருந்தபோது, மாப்லி வகுப்புக்குள் வந்தாள். மேலங்கியின் கையில் நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டே நின்றாள்.

"மிஸ், இனிமே எலான் எடுக்கட்டும். நான் ஓரமா நிக்கிறேன். வாய்க்குள்ளயே பாடிக்கிறேன்."

நெஸ்டா பேனாவைக் கீழே வைத்தாள். நேற்று முழுக்கச் சொல்லிப் பார்த்த வாக்கியம்தான்.

"மாப்லி, நீ சரியாத்தான் எண்ணின. தப்பாத் தலையாட்டுனது நான்தான்."

"தெரியும் மிஸ்."

வெளியே பந்து சுவரில் மோதும் சத்தம் கேட்டது.

"தெரியுமா? தெரிஞ்சும் ஏன் எடுத்த?"

"அதுதான் மிஸ் என் தப்பு," என்றாள் மாப்லி. கண் நிறைந்துவிட்டது. "நான்தான் எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருந்தேன். கடைசிச் சரணத்துக்கு மட்டும் யாரும் மிஸ்ஸைப் பார்க்காதீங்க, நான் முழங்கையால இடிக்கிறப்போ எடுங்கன்னு. மேடையில ஏறினதும் எனக்கே பயமாயிருச்சு. நீங்க வேற, என்னைப் பாருங்கன்னு சொன்னீங்களா... பார்த்துட்டேன்."

"எப்போலேருந்து?"

"என்னது மிஸ்?"

"என்னைப் பார்க்காம எடுக்கிறது."

"கிறிஸ்துமஸ் லீவு முடிஞ்சு வந்ததுலேருந்து. நீங்க பியானோவுல யாழ் மெட்டை வாசிச்சுக்கிட்டே நாலுலயே தலையாட்டுவீங்க. நாங்க பார்க்காத மாதிரி இருப்போம். ஆறு முடிஞ்சதும் எடுப்போம். நீங்களும் 'அருமை, அப்படித்தான்'னு சொல்வீங்க." இவ்வளவு நாள் அடக்கிவைத்தது வெளியே வந்துவிட்டதால் அவளுக்குப் பேச்சு நிற்கவில்லை. "அப்புறம் மிஸ், காலையில சில நாள் ஐவன் பேரைத் தட்டுவீங்க. அவன் ஊரை விட்டுப் போய் ரெண்டு வருஷமாச்சு. அன்னைக்கெல்லாம் எங்கள்ல ஒருத்தர் கையைத் தட்டி, உள்ளேன் மிஸ்னு சொல்லிருவோம். முறை வெச்சிருக்கோம். வியாழக்கிழமை என் முறை."

நெஸ்டா ஆர்மோனியக் கட்டைகள் மேலிருந்த அம்மாவின் கைகளை நினைத்தாள். ஐந்தாவது முறை, ஆறாவது முறை, ஏழாவது முறை. முதுகுக்குப் பின்னால் ஊரே அன்பாகப் பாடிக்கொண்டிருந்தது. வாசித்தவளுக்கு அது தெரியவே இல்லை.

"நாங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டோம் மிஸ்," என்றாள் மாப்லி அவசரமாக. "எங்க அம்மா திட்டினப்போகூட நான் சொல்லல."

அந்தச் சொல்தான் நெஸ்டாவை எழுப்பி நிறுத்தியது. கூடத்துக்குப் போனாள். மாப்லியும் பின்னால் வந்தாள். நடுவரின் தாளைப் பலகையிலிருந்து எடுத்து, சன்னல் விளிம்பில் வைத்து, கீழே எழுதினாள்: 'சிறுமி சரியாக எண்ணினாள். தவறாகத் தலையசைத்தவள் நான். இது முதல் முறை அல்ல. நெஸ்டா ப்யூ.' நான்கு மணிக்குள் ஆல்வின் படித்துவிடுவார். ஐந்து மணிக்குள் ஊர் படித்துவிடும். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். வீட்டு வாசலில் கேக் கொண்டுவந்து வைப்பார்கள்.

பெயருக்குக் கீழே தேதி போட வேண்டும். பேனா அங்கேயே நின்றது.

"மாப்லி, இன்னைக்கு என்ன தேதி?"

"பதினொன்னு மிஸ்," என்றாள் மாப்லி. காலையிலிருந்து மூன்றாவது முறையாகச் சொல்கிறாள் என்பது, அவள் சொன்ன விதத்தில் கொஞ்சம்கூடத் தெரியவில்லை.