பென்ஜமின் கேட்ட அனுமதி

பென்ஜமினுக்குக் கோபம் வந்தால் ஸ்பானர் பறக்கும். ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட் ஓரத்தில் அவன் வேலை செய்த கராஜின் சுவரில் பத்துப் பள்ளமாவது அவன் உபயம். மன்னாரிலிருந்து அகதியாக வந்து, ஹோட்டலில் கோப்பை கழுவி, முப்பது வயதில் மெக்கானிக் படிப்பை முடித்தவன். எஞ்சினோடு வாய்விட்டுச் சண்டை போடுவான். ஆனால் நம்மாட்கள் என்று வந்துவிட்டால் மரியாதையில் ஒரு குறை வைக்கமாட்டான். அந்த மரியாதை நாசமாய்ப் போக!

2004 ஆனி மாதத்தில் ஒரு காலை, சிவகௌரி பழைய டர்போ கார் ஒன்றைக் குலுங்கக் குலுங்கக் கொண்டுவந்து நிறுத்தினாள். நிறுத்தினாள் என்ன, வாசலிலேயே அது தானாக நின்றது. பின் சீட்டில் இரண்டு பிள்ளைகள், மடியில் பைகள்.

"அண்ணை, சிக்னலில நிண்டா உதறி உதறி எஞ்சின் நூந்து நிண்டுபோகுது. பிரேக்கும் கல்லு மாதிரிக் கிடக்கு. டுசல்டோர்ஃபுக்கு அக்கா வீட்டை போகவேணும். வேற கராஜில பாத்தவை, டர்போ பழுதாம்."

"அவங்கட தலை! டர்போ பழுதெண்டால் ஊளையிடும், புகைக்கும். சும்மா நிக்கேக்க ஏன் சாகுது?"

அந்த வெயிலிலும் அவள் கழுத்தைச் சால்வையால் மூடியிருந்தாள். கவனித்தான், கேட்கவில்லை.

கார்ப் பத்திரம் அவள் கணவன் நடேசனின் பெயரில் இருந்தது. தமிழ்ப் பள்ளிக்கூடக் கமிட்டியில் பழகிய மனிதர். வீட்டுக்காரரைக் கேட்காமல் அவர் காரில் கைவைப்பது பென்ஜமினுக்குப் பழக்கமில்லை. உள்ளே போய் நடேசனுக்குப் போன் எடுத்தான்.

"அண்ணை, உங்கட கார் எங்கட கராஜில நிக்குது. மனுசி கொண்டந்தவா. கழட்டிப் பாக்கட்டோ?"

மறுமுனையில் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பும் சத்தம் கேட்டது. "ஓம் ஓம், பாரும். அவளை அங்கேயே வைச்சிரும், வாறன்."

திரும்பி வந்து எஞ்சினை ஓடவிட்டு, பிரேக் கழுவும் ஸ்பிரேயை ரப்பர்க் குழாய்களில் ஒவ்வொன்றாய் அடித்தான். எங்காவது ஓட்டை இருந்தால் எஞ்சின் அதையும் உறிஞ்சும், சத்தம் மாறும். எஞ்சினின் உறிஞ்சு விசையைப் பிரேக்குக்குக் கொண்டுபோகும் தடித்த குழாயில் அடித்ததும் சத்தம் உர்ரென்று ஏறியது.

"பிடிபட்டியடா கள்ளா!"

குழாயைக் கழற்றித் திருப்பினான். சிரிப்பு அப்படியே நின்றது. பழசாகி வெடித்த ரப்பர் கோணல்மாணலாய்க் கிழியும். இதிலோ அடிப்பக்கம், கண்ணுக்குப் படாத இடத்தில், ஒரே நேர்கோடு. கத்தி பட்ட இடம்.

"தங்கச்சி, இது தானா வெடிச்சதில்லை. ஆரோ வெட்டியிருக்கினம்."

சிவகௌரி அழவில்லை. சால்வையை விலக்கினாள். கழுத்தில் ஐந்து விரலும் நீலமாய்ப் பதிந்திருந்தன.

"எங்கை மட்டும் போவாய் பாப்பம் எண்டவர். இண்டைக்கு வேலைக்குப் போனாப் பிறகுதான் வெளிக்கிட்டனான். நான் இங்க நிக்கிறது ஒருத்தருக்கும் தெரியாது, அண்ணை."

பென்ஜமின் உள்ளே போன் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தான். அட பாவி, என்ன வேலை பார்த்தாய்!

"காருக்குள்ள ஏறுங்கோ. கதைக்க நேரமில்லை."

புதுக் குழாயை மாட்டிக் கடைசிக் கிளிப்பை இறுக்கும்போதே நடேசன் வந்துவிட்டான். ஒரு சொல் பேசவில்லை. பிள்ளைகளை ஏற்றிவிட்டுத் தானும் ஏறப்போன சிவகௌரியைத் தலைமயிரில் பிடித்து, முகத்தைக் கார்க் கூரையில் மோதினான். ஒருதரம், இரண்டுதரம். உள்ளே பிள்ளைகள் கத்தின. மூன்றாவது மோதலுக்கு முன் பென்ஜமின் ஜாக்கித் தடியால் அவன் மணிக்கட்டில் போட்டான். எலும்பு முறிந்த சத்தம் கராஜில் நின்ற எல்லாருக்கும் கேட்டது. விழுந்தவனின் நெஞ்சில் முழங்காலை ஊன்றி, முகத்தில் குத்தினான், குத்தினான். பாதிக் குத்து தனக்கு விழவேண்டியது என்று தெரிந்தே குத்தினான்.

"போங்கோ தங்கச்சி! போங்கோ!"

எஞ்சின் உதறாமல் இயங்கத் தொடங்கியது. சிவகௌரி வாயில் இரத்தம் வடிய ஜன்னலை இறக்கினாள்.

"இவருக்கு எப்பிடித் தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். மனம் வரவில்லை. "நான்தான் போன் பண்ணினனான். கழட்டட்டோ எண்டு அவரைக் கேட்டனான்."

அவள் அவனை ஏறிட்டுப் பார்த்தாள். திட்டுவாள், துப்புவாள் என்று காத்திருந்தான்.

"நான் இனி டுசல்டோர்ஃப் போகேல்லை," என்றாள். "போற இடம் உங்களுக்குத் தெரியவேண்டாம், அண்ணை."

ஜன்னலை ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். யாரோ கூப்பிட்ட பொலிஸ் வரும்வரை பென்ஜமின் நடேசனின் மேல்தான் உட்கார்ந்திருந்தான். அவள் எந்தப் பக்கம் திரும்பினாள் என்று தலை தூக்கிப் பார்க்கவில்லை.